நெல்வயலின் நடுவே ரவை உப்புமா

'வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய ஆசியக் காலை உணவுகள்' என்ற வகைப் பட்டியல்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. மகளிர் இதழ்களின் '30 வகை' இணைப்புகள் தொடங்கிச் சமையல் காணொளிகள் வரை அவற்றின் அமைப்பு ஒன்றே. சீனத்துக் கஞ்சி ஒன்று, ஜப்பானிய ஒகாயு ஒன்று, தாய்லாந்தின் ஜோக் ஒன்று, மலாய் மக்களின் புபுர் ஒன்று. நான்கும் அரிசியை நீரில் குழைய வேகவைத்த கஞ்சிதான். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக ஆங்கிலம் வழங்கும் 'கான்ஜீ' என்ற சொல்லோ, நம் கஞ்சி போர்ச்சுக்கீசியர் நாவில் ஏறிக் கடல் கடந்து போய் வேறு உடையில் திரும்பி வந்தது. தன் வீட்டுச் சொல்லையே அயற்சொல்லாகக் கேட்டு, 'அட, இது நன்றாக இருக்கிறதே' என்று வியக்கும் நிலைக்குத் தமிழ் வாசகர் வந்து சேர்ந்திருக்கிறார்.

இதைத் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் வைத்துப் பார்க்கும்போதுதான் இதன் விபரீதம் முழுமையாகத் தெரிகிறது. ஆண்டு முழுவதும் நெல்லைப் பற்றியே பேசும் நாடு இது. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்குமா என்பதில் தொடங்கிக் குறுவை, சம்பா, தாளடி என்று நாட்காட்டியையே நெல்லால் பகுத்துக்கொண்ட நாடு. அந்த நாட்டில் காலையில் என்ன உண்பது என்ற கேள்விக்கு ஓட்ஸ் பொட்டலமும் ரவைப் பொட்டலமும் விடையாகியிருக்கின்றன. அரிசியோ பெரும்பாலும் இட்லியாகவும் தோசையாகவும் மாறினால்தான் காலை இலையில் அனுமதிக்கப்படுகிறது. சோறு சோறாகவே காலையில் வந்தால் அது வறுமை, அல்லது நோய், அல்லது அண்மைக்காலமாக, 'மருத்துவக் குணம்'.

எங்கள் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காவிரிப் படுகையின் மிக எளிய காலை உணவு பழைய சோறு. அது கைவிடப்பட்டதற்கான காரணம் சுவையிலும் இல்லை, சத்திலும் இல்லை. அது யாருடைய உணவாக இருந்தது, யார் கையால் யாருக்கு ஊற்றப்பட்டது என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பேசாமல் அதை இகழ்வோரும் தவறு செய்கிறார்கள். அந்தக் கணக்கைப் பேசாமல் அதைப் புகழ்வோரும் தவறு செய்கிறார்கள். இரு தரப்பாரோடும் எங்களுக்குச் சண்டை உண்டு.

எளிமை என்றால் எது?

செய்முறையை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இரண்டு தலைமுறையாக இது செய்யப்படாத வீடுகள் தஞ்சையிலேயே உண்டு என்பதால் எழுதுகிறோம். இரவில் வடித்த புழுங்கலரிசிச் சோறு ஆறியதும், மண்பானையிலோ கல்சட்டியிலோ இட்டு, சோறு மூழ்கி அதன்மேல் இரண்டு விரற்கடை நிற்குமளவு தூய குடிநீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். எட்டு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை போதும். காலையில் மேலே நிற்கும் நீரில் உப்பிட்டுக் குடித்தால் நீராகாரம். கீழே உள்ள சோற்றைக் கையால் பிசைந்து மோர் விட்டால் உணவு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மோர்மிளகாய், மாவடு, நார்த்தங்காய் ஊறுகாய், முதல்நாள் குழம்பைச் சுண்டவைத்தது. நாகைக் கடலோரமானால் சுட்ட கருவாடு. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பானைக்குள் நடப்பது எளிய வேதியியல். சோற்றிலும் நீரிலும் பானையின் சுவரிலும் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உண்டு அமிலத்தை விடுகின்றன. புளிப்பு அதனால் வருவது. கெடுக்கும் கிருமிகளைத் தடுப்பதும் அந்த அமிலமே. மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் கோடையிலும் பானை குளிர்ந்திருக்கிறது. புளிப்பு ஓர் அளவோடு நிற்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். வெந்த சோற்றை நீரூற்றாமல் வெதுவெதுப்பாக நெடுநேரம் விட்டுவைத்தால், பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா அதில் நஞ்சை உண்டாக்கக்கூடும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு நீங்காது. ஆகவே சோற்றை விரைவில் ஆறவிடுவதும், நல்ல நீர் ஊற்றுவதும், மறுநாள் பகலுக்குள் தீர்த்துவிடுவதும் இந்த முறையின் பகுதிகள். நம் பாட்டிமார் இதற்குப் பெயர் வைக்கவில்லை. விதியை மட்டும் அறிந்திருந்தார்கள்.

மார்கழிக் குளிரில் பழையது வேண்டாம் என்பவர்க்கும் இந்நாட்டில் விடை உண்டு. அரிசியையும் துவரம்பருப்பையும் மிளகு சீரகத்தோடு ரவையாக உடைத்துத் தேங்காய்த் துருவலோடு வெண்கலப்பானையில் கிளறும் அரிசி உப்புமா; அதன் அடியில் பிடிக்கும் காந்தலுக்கு வீட்டில் சண்டை நடக்கும். நொய்யரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த கஞ்சி அரை மணி நேரத்தில் ஆகிவிடும். கெட்டி அவலைக் களைந்து மோரில் ஊறவைத்துத் தாளித்தால் கால் மணி நேரம். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுப் பெயரோ, விசேஷக் கடையில் வாங்கும் பொருளோ தேவையில்லை.

இட்லியின் வயது

'நம் பாரம்பரியக் காலை உணவு இட்லி' என்பது இன்று கேள்வி கேட்கப்படாத உண்மையாக வழங்குகிறது. இட்லி பழைய பண்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் காலையில் எல்லா வீட்டிலும் இட்லி என்பது மிக இளைய பழக்கம்.

காரணம் எளிது. ஆட்டுக்கல்லில் அரிசியையும் உளுந்தையும் கையால் ஆட்டி எடுப்பது ஒரு மாலைப்பொழுதையே விழுங்கும் உழைப்பு. எனவே தீபாவளிக்கும் பிற விசேஷங்களுக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் உரியதாக அது இருந்தது. உளுந்து இம்மண்ணுக்கு அந்நியமில்லை. சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நிற்கையில், ஈரம் காயுமுன் கதிர்களுக்கிடையே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது படுகையின் பழைய வழக்கம். உளுந்து இருந்தது, அரிசி இருந்தது, ஆட்டும் கைதான் ஓயாமல் கிடைக்கவில்லை. மின் ஆட்டுரல் வந்து, அதன் விலை நடுத்தர வீட்டுக்கு எட்டிய பிறகே இட்லி அன்றாடமாயிற்று. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் இது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த மாற்றம்.

அதற்கும் முன்னரே காலைப்பொழுது ஒருமுறை கைமாறியிருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று தலைப்பிட்டு எழுதியது வெறும் பானத்தின் வரலாறு இல்லை. நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து அமர்ந்ததும், அது நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆனதும் அங்கே பேசப்படுகின்றன. தஞ்சை மாவட்டம் இம்மாற்றத்தின் முன்னணியில் நின்ற நிலம். கும்பகோணம் டிகிரி காப்பி என்ற பெயர் இன்று நெடுஞ்சாலைக் கடைகள் தோறும் பலகையில் தொங்குகிறது. தஞ்சை எழுத்து என்றாலே காப்பியும் வெற்றிலையும் சங்கீதமும் நினைவுக்கு வருமளவுக்கு இலக்கியமும் அதற்குத் துணை நின்றது. தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் காப்பி அருந்தும் நேர்த்தியைப் பற்றி நாங்களும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தக் காப்பி ஆற்றப்பட்ட அதே விடியலில் வயல் வரப்பில் எது உண்ணப்பட்டது என்பதை அறிய, சோலை சுந்தரபெருமாள் போன்றோரின் நாவல்கள் வரை தமிழ் வாசகர் காத்திருக்க வேண்டியிருந்தது.

யாருடைய பானை?

இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம்.

'நம் முன்னோர் பழைய சோறு உண்டு நோயின்றி வாழ்ந்தனர்' என்று ஒரு வாக்கியம் உலவுகிறது. எந்த முன்னோர்? பண்ணையார் வீட்டிலும் அக்ரகாரத்திலும் பழையது உண்டு. அங்கே அது கல்சட்டியில், கெட்டித் தயிரோடு, குழந்தைகளுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் உரிய காலை உணவு. அவ்வீட்டின் பின்புறத்தில் பண்ணையாளுக்கு ஊற்றப்பட்டதும் பழையதுதான். அது அவனுடைய கூலியின் பகுதியாக, சில வேளை கூலிக்கு மாற்றாகவே, கொட்டாங்கச்சியிலும் பனையோலைப் பட்டையிலும் குவித்த கைகளிலும் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டது. ஒரே சோறு, ஒரே நீர், ஊற்றிய உயரத்தில் இருந்தது வேறுபாடு.

கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் வரலாறு முழுவதும் நெல்லின் அளவைக் குறித்த போராட்டமாகவே இருக்கிறது. பி. சீனிவாசராவ் போன்றோர் 1940களில் கட்டிய விவசாயச் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றது. 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்த அழுத்தத்தின் விளைவு. அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதைச் சுற்றி மூண்ட பகையே 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகுக்குச் சோறு போட்ட மண் என்று பெருமை பேசும்போது, அந்தச் சோற்றை விளைவித்தவர்கள் அரைப்படிக்காக என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

மொழியே இதற்குச் சாட்சி. 'கஞ்சிக்குச் செத்தவன்' என்பது இன்றும் வசை. 'பழைய சோற்றுக்கு வக்கில்லை' என்பதும் வசையே. 'இட்லிக்குச் செத்தவன்' என்று எவரும் திட்டுவதில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் கூழும் கஞ்சியும் வார்க்கப்படுகின்றன. ரமலானில் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் நோன்புக் கஞ்சி வாளி வாளியாய் வீடு போகிறது. தெய்வத்தின் பேரால் ஊற்றினால் கஞ்சிக்கு மரியாதை உண்டு; மனிதன் தன் பசிக்காகக் காலையில் ஊற்றிக்கொண்டால் மரியாதை இல்லை.

ஆகவே, பழைய சோற்றிலிருந்து தப்பித்து வந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு இட்லியும் பூரியும் வைப்பதில் ஒரு விடுதலையைக் காண்கிறது என்றால், அதை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. 'பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள்' என்று அவர்களை நோக்கிச் சொல்பவர் எந்தப் பாரம்பரியத்தைச் சொல்கிறார் என்பதை முதலில் விளக்கட்டும். கட்டாயத்தால் உண்டதை விருப்பத்தால் உண்டதாக மாற்றி எழுதுவது வரலாற்றுப் புரட்டு.

அதிசய உணவு என்னும் அசட்டுத்தனம்

இகழ்ச்சியின் மறுபக்கமாக இப்போது ஒரு புகழ்ச்சி கிளம்பியிருக்கிறது. மண்கலயத்தில் அழகாக ஊற்றி, நான்கு சிறு கிண்ணங்களில் தொடுகறி வைத்து, நகரத்து உணவகங்களில் நல்ல விலைக்குப் பழைய சோறு விற்கிறார்கள். விற்கட்டும், வாங்கி உண்பவர் உண்ணட்டும். எங்கள் மறுப்பு விலையைப் பற்றியது இல்லை. அதனோடு சேர்த்து விற்கப்படும் கதையைப் பற்றியது.

எடுத்துக்காட்டாக, ஓரிரவு ஊறிய சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்குக்கு மேல் பெருகுகிறது என்ற செய்தி பல்லாண்டுகளாக வலம் வருகிறது. சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவும் அதைப் படைக்க முடியாது. பானையிலோ நீரிலோ இருந்து கரைந்து வந்தாலன்றிச் சோற்றில் அதன் மொத்த அளவு உயர வழியில்லை. நடக்கக்கூடியது வேறு: தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் நொதித்தலால் ஓரளவு சிதைகிறது; எனவே இருக்கும் இரும்பு உடலுக்கு எளிதில் எட்டுகிறது. இந்த எளிய உண்மையே போதுமானது. அதற்குமேல் மந்திரம் தேவையில்லை. குடல் நோய்களில் பழைய சோற்றின் பயன் குறித்துச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்வை மேற்கொண்டிருக்கிறது. அத்தகைய ஆய்வு சொல்வதை ஏற்போம். வாட்ஸப்பில் வருவதை ஏற்க மாட்டோம். நீரிழிவு உள்ளவர்க்குப் பழைய சோறும் சோறே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு அவர்களுக்கு மருத்துவர் சொல்வது.

உண்மையான பெருமை வேண்டுமென்றால், அது வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பேசுவோர்தான் அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் அதற்குப் பெருமளவில் இரையானார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. இந்த வேறுபாட்டை பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1907இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். அதே காலத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பகுதியில் நோயும் சாவும் மிகுந்தன. புழுங்கலரிசிப் பகுதி தப்பியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோடு ஒட்டிய தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை என்பது பின்னர் விளங்கியது.

மலாயாவுக்குப் போன தமிழ்த் தொழிலாளருள் பெருந்தொகையினர் கப்பலேறிய துறைமுகம் எது? நாகப்பட்டினம். சொந்த ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டு, கூலிகளாகப் போன அந்த மக்களின் தட்டில் இருந்த அரிசிதான் உயிர்ச்சத்து என்ற கருத்தே முழுமையாக உருவாகாத காலத்தில் மருத்துவ உலகுக்கு ஒரு பாடம் சொன்னது. படுகையின் உணவைப் பற்றிப் பெருமை பேச விரும்புவோர் இதைப் பேசட்டும். இதில் அந்த மக்களும் இருக்கிறார்கள், அறிவியலும் இருக்கிறது.

பிறர் என்ன செய்தார்கள்?

நீரில் ஊறிய சோறு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவில் அது பகாளா; பூரி ஜகந்நாதருக்கே படைக்கப்படுகிறது; மார்ச் 20ஆம் நாளைப் பகாளா நாளாகக் கொண்டாடுகிறார்கள். வங்கத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், கேரளத்தில் பழங்கஞ்சி, யாழ்ப்பாணத்தில் பழஞ்சோறு. 2021ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் 'மாஸ்டர்செஃப்' போட்டியின் இறுதிச் சுற்றில், வங்கதேச வழிவந்த கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத்தைத் தழுவிய உணவை நடுவர் முன் வைத்தார். உணவகங்களில் காண முடியாத எளியோர் உணவு இது என்று தெரிந்தே அவர் வைத்ததில் ஒரு துணிவு இருந்தது.

ஆயினும் ஆண்டுக்கொரு நாள் கொண்டாடுவது எங்களுக்கு உவப்பானதாக இல்லை. வங்கப் புத்தாண்டில் நகரத்தார் இலிஷ் மீனோடு பாந்தா பாத் உண்பதும், ஆண்டின் மற்ற நாட்களில் அதையே உண்ணும் உழவரைத் திரும்பிப் பாராததும் அந்நாட்டிலேயே கடுமையாக விமர்சிக்கப்பட்டிருக்கிறது. பழைய சோற்று நாள் என்று ஒன்றைக் குறித்து, பட்டுச் சேலையில் மண்கலயத்தோடு படமெடுத்துக்கொள்ளும் அவலம் தஞ்சைக்கு வர வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் ரவை

இனித் தலைப்புக்கு வருகிறோம். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டத்துத் திருக்குவளையில், அதாவது நெல்வயல்களின் நடுவிலேயே, மாநிலமெங்கும் உள்ள 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. காமராசர் காலத்து மதிய உணவுக்கும் 1982ஆம் ஆண்டின் சத்துணவுத் திட்டத்துக்கும் அடுத்து வைக்கத்தக்க செயல் இது. வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரும் குழந்தைக்கு அரசு சமைத்துப் போடுவது குறித்து இகழ்ச்சியாகப் பேசுவோரோடு எங்களுக்கு உறவில்லை.

அதனாலேயே அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. தொடக்கத்தில் வெளியான உணவுப் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி, சேமியா கிச்சடி, ரவைப் பொங்கல், ரவைக் கேசரி என்று கோதுமையே ஆட்சி செய்தது. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் அதில் இருந்தன. ஆனால் பலவற்றுள் ஒன்றாக. படுகையில் கோதுமை விளைவதில்லை. அதே ஊரின் நெல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது என்று தார்ப்பாயின் அடியில் நாட்கணக்கில் காத்துக் கிடக்கிறது. அந்த நெல் குவியலைக் கடந்து பள்ளிக்குப் போகும் குழந்தை, வேறு மாநிலத்துக் கோதுமையின் ரவையை உண்கிறது. இதை வசதி என்று சொல்லலாம். திட்டமிடல் என்று சொல்ல முடியாது.

'ரவை சீக்கிரம் வேகும்' என்பார்கள். அரிசி ரவையும் அப்படித்தான். அரிசி உப்புமா பட்டியலில் இருந்ததே அதற்குச் சான்று. 'குழந்தைகள் விரும்பமாட்டார்கள்' என்பார்கள். ரவை உப்புமாவை விரும்பி உண்ட குழந்தையை அவர்கள் எங்கே கண்டார்கள் என்று தெரியவில்லை. ஆலைகளில் உடைந்து விழும் நொய், கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அவர்களுக்கு நொய்க் கஞ்சியும் அரிசி உப்புமாவும் எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படுகை மாவட்டங்களிலாவது வாரத்தில் நான்கு நாள் உள்ளூர் அரிசியில் உணவு, அதில் ஒரு நாளாவது மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய நெல் என்று அமைத்தால் யாருக்கு நட்டம்? நெல் ஜெயராமன் 2018இல் மறையும் வரை திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஊர் ஊராய்த் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகள், கண்காட்சி மேசையில் முடிவதற்காகத் திரட்டப்பட்டவை அல்ல.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பள்ளியில் பழைய சோறு ஊற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மேலே சொன்ன வரலாறு உள்ள மண்ணில், ஏழைக் குழந்தைக்கு அரசு ஊற்றும் பழையது என்பது வேறு பொருள் தரும். பிறர் கையால் ஊற்றப்படுவது நின்று, தன் பானையிலிருந்து தானே எடுத்துக்கொள்வதாக ஆகும்போதுதான் அது உணவாகிறது. பள்ளியில் சூடான அரிசி உணவு. வீட்டில், விரும்பினால், பழையது. இதுவே எங்கள் நிலை.

எளிது, யாருக்கு?

கடைசியாக, இந்தப் பட்டியல்கள் ஒருபோதும் கேட்காத கேள்வி. 'எளிய காலை உணவு' என்றால் யாருக்கு எளிது?

இட்லி உண்பவருக்கு எளிது. அதற்காக முதல்நாள் பகலில் ஊறவைத்து, மாலையில் ஆட்டி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஊற்றி, சட்னிக்கு அரைத்து, சாம்பாருக்குப் பருப்பு வைத்து, எல்லோரும் உண்டபின் இட்லித் தட்டைத் தேய்ப்பவருக்கு எளிதில்லை. இட்லி ஆரோக்கியமான உணவுதான். ஆனால் அது நாள்தோறும் ஒரு பெண்ணின் விடியலை விலையாகக் கேட்கும் உணவு. அந்த விலையைக் குறைக்கத்தான் கடை மாவுப் பொட்டலம் வந்தது. அதை வாங்கும் பெண்களைச் 'சோம்பேறிகள்' என்று எழுதும் ஆண்களின் கட்டுரைகளை நாங்கள் படித்திருக்கிறோம். அவர்களில் எவரும், 'காலையில் நானே பானையிலிருந்து சோற்றைப் பிழிந்து போட்டுக்கொள்கிறேன், நீ தூங்கு' என்று எழுதியதை மட்டும் படித்ததில்லை.

பழைய சோற்றின் உண்மையான எளிமை இதில்தான் இருக்கிறது. அதற்குக் காலையில் சமையற்காரர் வேண்டாம். முதல்நாள் இரவு ஒரு செம்பு நீர் ஊற்ற யாராலும் முடியும். பத்து வயதுப் பையனாலும் முடியும். எழுந்தவர் எழுந்த நேரத்தில் தானே எடுத்து, தானே உப்பிட்டு, தானே உண்டு, தன் கலயத்தைத் தானே கழுவிவைக்கலாம். பண்ணையாளின் கையில் உயரத்திலிருந்து விழுந்த அதே சோறு, ஒருவர்க்கொருவர் கீழில்லாத வீட்டின் உணவாக மாற வழியுண்டு. ஆனால் தஞ்சாவூர் வீடுகளில் பானையில் நீர் ஊற்றும் வேலையும் பெண்ணுக்கே போய்விட்டால், மாற்றம் ஏதும் நிகழ்ந்ததாகாது.

ஆகவே எங்கள் பரிந்துரை சுருக்கமானது. ஆசியாவின் எளிய காலை உணவைத் தேடுவோர் அடுக்களைக்குள் போகட்டும். இரவில் ஒரு கைப்பிடி சோற்றைக் கூடுதலாக வடிக்கட்டும். அதை மிச்சம் என்று சொல்லாமல் நாளைய உணவு என்று சொல்லட்டும். அதை உண்டு வயலில் நின்றவர்களின் பெயரையும் கூலியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பள்ளிப் பட்டியலில் ஏன் நம் அரிசி குறைவாக இருக்கிறது என்று ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும். பானையில் நீர் ஊற்றுவது மட்டும், இன்றிரவு முதல், வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும்.